சனிக்கிழமைக் கிணறு

வாரம் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு கிணறு, சனிக்கிழமை விடிந்தால் மட்டும் ஏன் மோராகிவிட வேண்டும்?

துப்பறியும் வரதன் இந்தக் கேள்வியை நேற்று மாலைதான் காஞ்சிபுரத்து மாடியறையில் ஒரு கட்சிக்காரரின் வாயால் கேட்டார். ராத்திரி அதோடு படுத்துப் புரண்டார். சனிக்கிழமையான இன்று காலையில் உத்திரமேரூர் பஸ்ஸின் ஜன்னலோரத்திலும் அதையே மென்றுகொண்டிருந்தார். விடை வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய உதவியாளன் ஹபீபுல்லா மட்டும் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டான்.

“சனிக்கெழமை கெணறு லீவு போட்டு வெள்ளையடிச்சிக்குது சார். நம்மதான் ஞாயித்துக்கெழமைகூட லீவு போடறதில்ல.”

கட்சிக்காரர் முத்துகிருஷ்ணனிடமும் ஒரு விடை இருந்தது. மானாம்பதி சாலையிலிருந்து பிரிந்து போகும் வண்டிப்பாதையின் முடிவில் அவருக்கு ஒரு வெள்ளைக்கல் குவாரியும், அந்தக் கல்லை மாவாக அரைக்கும் மில்லும் இருந்தன. மில்லுக்குக் கீழே வயல்காட்டில் கோவிந்தம்மாள் என்கிற கைம்பெண்ணின் கிணறு. மில் கழிவு தன் கிணற்றைக் கெடுக்கிறது என்று அவள் மேலிடத்துக்கு மனுப் போட்டிருந்தாள். அதிகாரி வந்தார், பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார். மறுபடியும் வந்தார், பிடித்துப் போனார். அவர் வந்ததெல்லாம் வார நடுவில். தண்ணீர் ஒவ்வொரு தடவையும் சுத்தம்.

அவளே சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுகிறாள், நஷ்டஈடு வாங்கப் பார்க்கிறாள் என்பது முத்துகிருஷ்ணனின் கட்சி. போலீசுக்குப் புகார் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். இன்று சாயந்திரம் ஸ்டேஷனில் கொடுத்துவிடுவார். அதற்குள் வரதன் ஆதாரம் பிடித்துத் தரவேண்டும். அந்தப் புகார் பதிவானால் கோவிந்தம்மாள் தன் கிணற்றைத் தானே கெடுத்த பொய்க்காரி. அப்புறம் அவள் மனுவை எந்த அதிகாரியும் பிரித்துப் பார்க்கமாட்டார்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் இறங்கியதும் அகமது பாட்சாவின் சுண்ணாம்புக் கடையில் விசாரித்தார்கள். கோவிந்தம்மாள் கார்த்திகைக் கடைசியில் ஒரு கூடை கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கியது உண்மைதான் என்றார் பாட்சா.

“கேஸ் முடிஞ்சிபோச்சு சார், நாஷ்டா பண்ணிட்டு திரும்பிடலாம்” என்றான் ஹபீபுல்லா.

“சுண்ணாம்பு வாங்கினா சரி. அதை சனிக்கிழமை மட்டும் ஏன் கரைக்கணும்? அதிகாரி வர்ற புதன்கிழமை கரைச்சிருந்தா இந்நேரம் ஜெயிச்சிருப்பாளே?”

ஹபீபுல்லா நாஷ்டாவை மறந்து வாடகை சைக்கிள் எடுக்கப் போனான்.

மில்லின் வாசல் கதவைத் தாங்கி நின்றவை இரண்டு பழைய கருங்கல் தூண்கள். இரண்டின் தலைப்பக்கத்திலும், குறுக்குச் சட்டம் ஒன்றைச் செருகுவதற்கு வெட்டியதுபோல் ஒரு சதுரத் துளை. ஆனால் செருகப்பட்டிருக்கவேண்டிய சட்டம் இல்லை.

“தூணுக்குக் காது குத்தி வெச்சிருக்காங்க. மொட்டையும் அடிச்சிட்டா வேண்டுதல் தீந்துடும்” என்றான் ஹபீபுல்லா.

முத்துகிருஷ்ணன் மில்லைச் சுற்றிக் காட்டினார். இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று யாராவது சொல்ல ஆரம்பித்தால் வரதனுக்குப் பசி தெரியாது. துப்பறிய வருவதற்கு முன்னால் ஏரிகளை அளக்கும் சர்க்கார் வேலையில் இருந்தவர். கரைகரையாகத் தனியே நடந்து, மதகுகளோடு பேசிப் பழகியவர். இப்போதும் அவருக்கு மனிதர்களைவிட அமைப்புகள் சுலபமாகப் புரியும்.

மில்லின் அமைப்பு இப்படி. குவாரியிலிருந்து வரும் வெள்ளைக்கல்லை முதலில் சுத்தியால் சிறு துண்டுகளாக்குகிறார்கள். அதைத் தண்ணீரோடும் கெட்டியான கூழாங்கற்களோடும் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் போட்டுச் சுழற்றுகிறார்கள். பீப்பாயின் சுவரோடு மேலே ஏறும் கூழாங்கற்கள் உச்சியில் பிடி விட்டுப் பொத்தென்று விழும். விழுந்து விழுந்து இடித்ததில் கல் மாவாகிவிடும். மாவுத் தண்ணீர் தொட்டிகளில் போய்த் தெளியும். அடியில் தங்கியது பீங்கான் செய்பவர்களுக்கும் கண்ணாடி செய்பவர்களுக்கும் மூட்டையாகப் போகும். தெளியாமல் மிதக்கும் மிக நைசான மாவு, மீதித் தண்ணீரோடு பின்னால் இருக்கும் குட்டைக்குப் போகும்.

தண்ணீர் எதற்கு என்று வரதன் கேட்டார். முன்பெல்லாம் உலர்வாகத்தான் அரைத்தார்களாம். தூசு பறந்து ஆட்கள் இருமினார்கள். தண்ணீர் விட்டு அரை என்று உத்தரவு வந்தது. அரைத்தார். கழிவுநீர் வாய்க்காலில் ஓடி வயலில் பரவியது; ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. மில்லுக்குப் பின்னால் தலைமுறைக் கணக்காகத் தூர்ந்து கிடந்த கொக்குத் தாங்கல் என்ற சின்ன ஏரியைக் குத்தகைக்கு எடுத்து, மண் வாரிக் குட்டையாக்கினார். குட்டை நிரம்பி வழியக்கூடாது, வாராவாரம் வண்டலைச் சுரண்டு என்று உத்தரவு வந்தது. சுரண்டுகிறார்.

“ஒண்ணு விடாம செஞ்சேன் சார். அப்படியும் நான்தான் குத்தவாளியா?” என்றார் முத்துகிருஷ்ணன். அவர் குரலில் நடிப்பு இல்லை. அதுதான் வரதனுக்குத் தொந்தரவாக இருந்தது.

குட்டைக் கரையை வரதன் ஒரு சுற்று நடந்தார். உள்ளே சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளைத் தண்ணீர், முழங்காலளவு. கரையின் வெளிப்புறத்தில் காய்ந்த புல். ஈரக்கசிவு எங்கேயும் இல்லை. மட்டம் பார்க்க நட்டிருந்த கம்பைக் காட்டி, தண்ணீர் ஏறித்தான் பார்த்திருக்கிறோம், நாங்களாக வடிக்காமல் இறங்கிப் பார்த்ததில்லை என்றான் குட்டைக்குப் பொறுப்பான மேஸ்திரி சின்னராசு. மில்களுக்கு வாரத்தில் ஒருநாள் கரண்ட் கிடையாது. இந்தப் பக்கத்துக்கு வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் குட்டைத் தண்ணீரை டீசல் பம்பால் மில் தொட்டிகளுக்கே திருப்பி ஏற்றிவிட்டு மண்வெட்டியால் வண்டலைச் சுரண்டுவார்கள். மாலையில் கரண்ட் வந்ததும் மறுபடி மில் ஓடும், குட்டை ஏறும்.

“அப்புறம் சாமிக்குப் பூசை” என்றான் சின்னராசு.

கரை மேல் ஒரு தகரக் கூரைக்கடியில் சாமி இருந்தது. இடுப்புயரக் கருங்கல். முகம் கிடையாது. மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகி, அடி வெறும் கைப்பிடியளவு. தானாக நிற்காததால் சிமென்ட் மேடையில் பாதம் புதைத்து நிறுத்தியிருந்தார்கள். நடுவில் சுற்றிலும் ஒரு வளையம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. உச்சியில் ஆழமான ஒரு துளை. அதில் சூலம் செருகி எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. மேடைக்குக் காவியும் வெள்ளையும் பட்டை அடித்து, மீந்த காவித்தூளை டப்பாவோடு அங்கேயே வைத்திருந்தார்கள்.

தாங்கலைத் தோண்டியபோது நட்டநடுவில் கிடைத்ததாம், அந்த வாசல் தூண்களோடு சேர்ந்து. மில்லே பயந்துபோய் வேலையை நிறுத்தியது. தேங்காய் உடைத்து, மரியாதையாகத் தூக்கிவந்து, கரைமேல் வைத்துத் தாங்கல் சாமி என்று பேர் வைத்தார்கள். அது இருந்த குழியை ஜல்லியும் மண்ணும் போட்டு மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து மில்லில் ஒருத்தருக்கும் கை கால் அடிபட்டதில்லை என்றான் சின்னராசு.

ஹபீபுல்லா செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு வந்துதான் பார்த்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “தல பெருசு, அடி சிறுசு, மண்டையில ஓட்ட. உங்க சொந்தக்காரரா சார்?”

வரதன் சிரித்துவிட்டு அந்தப் பளபளப்பான வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எதையோ எங்கேயோ பார்த்த ஞாபகம். பிடிபடவில்லை.

கோவிந்தம்மாளின் வீட்டுக்கு வரப்பு மேல்தான் போகவேண்டும். மார்கழிப் பனி விலகியும் வயலில் ஆள் இல்லை. சுற்றிலும் வேறு வீடு இல்லை. வீடு, கிணறு, ஒரு முருங்கை, அவ்வளவுதான். கிணற்றுக் கட்டுக்கல்லில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள் வரிசையாக இருந்தன. ஒரு காலத்தில் பல கைகள் சேர்ந்து இறைத்த கிணறு. இப்போது ஒரே ஒரு பள்ளத்தில்தான் ஈரம் இருந்தது. அதுவும் வெள்ளை ஈரம்.

“நீயும் பாட்டில் எட்த்தாந்து கீறியா நைனா?” என்றாள் கோவிந்தம்மாள். அறுபதைத் தாண்டியவள். யாரோடும் பேசாமல் இருந்த குரல் முதலில் கொஞ்சம் கரகரத்தது.

வரதன் ஒளிக்கவில்லை, மில்காரர் அனுப்பித்தான் வந்திருக்கிறேன் என்றார். அவள் கோபப்படவில்லை. வந்தவர்களுக்கு ரோட்டுப் பம்பிலிருந்து சுமந்துவந்த தண்ணீரைச் சொம்பில் கொடுத்தாள். கேட்காமலே சொன்னாள். இந்தக் கிணற்றில் முன்பு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் இறைப்பார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் இப்போது மில்லில்தான் வேலை. மனுப் போட்டதிலிருந்து ஒருத்தியும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கும் அடுப்பு எரியவேண்டுமே என்றாள்.

சுண்ணாம்பு பற்றிக் கேட்டதும் உள்ளே கைகாட்டினாள். உத்திரத்தில் ஒரு ஓலைக்கூடை தொங்கியது. கடையில் கட்டிய கட்டு அவிழவில்லை.

“பொங்கலுக்கு வூட்டுக்கு அடிக்கலாம்னு வாங்கியாந்தேன். அதுக்குள்ள இந்தப் பேச்சு. அவுத்தா, பாரு அவுத்துட்டான்னு சொல்லுவாங்கோ. செவுரு அப்டியே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்.”

“கட்டை அவுத்துட்டு மறுபடி கட்டியிருக்கலாமே சார்” என்று ஹபீபுல்லா காதோடு சொன்னான். நியாயமான சந்தேகம்தான். வரதன் கோவிந்தம்மாளிடம் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் கேட்டார்.

கல்யாண வீட்டில் ஆலம் கரைப்பது எப்படி? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ரத்தமாகச் சிவக்கும். மஞ்சளுக்குத் தெரியாமல் சுண்ணாம்பு ஒளியமுடியாது. கிணற்றின் வெள்ளைத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து, மஞ்சளைப் போட்டு, விரலால் கலக்கினார் வரதன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

மஞ்சள், மஞ்சளாகவே இருந்தது.

“நம்ம கட்சிக்காரருக்கு ஆலம் சுத்தி அனுப்பலாம்னு பாத்தேன். செவக்கமாட்டேங்குது” என்றான் ஹபீபுல்லா.

வரதன் டம்ளரின் அடியில் தங்கியதை விரலில் எடுத்துத் தேய்த்தார். நறநறத்தது. சுண்ணாம்பு இல்லை, கல்மாவு. ஆனால் எப்படி வந்தது? குட்டைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு கரை, அதற்கப்புறம் காய்ந்த வயல். ஆளில்லாத இந்த வெளியில் யார் சுமந்து வந்து கொட்டினாலும் காலடி தெரியும். வரப்பின் பனி ஈரத்தில் அவர்கள் இருவரின் காலடியும் கோவிந்தம்மாளின் காலடியும் தவிர வேறு இல்லை.

அங்கேயே நின்றது புத்தி. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். வழக்குக்காக இல்லாமல், சும்மா கேட்டார்: பேச்சுத்துணைக்கு யாருமே இல்லையா?

“மின்ன பொறா இருந்துச்சு” என்றாள் கோவிந்தம்மாள். கிணற்றின் மேற்குச் சுவரில் ஒரு பொந்து உண்டு. அதில் ஜோடி ஜோடியாகப் புறாக்கள். விடியற்காலையில் கிணறே பேசுகிற மாதிரி சத்தம் வரும். “தோ அந்தப் பொந்துலதான் குஞ்சு பொரிச்சிக்கினு இருந்துச்சுங்கோ. எச்சம் பாரு, செவுரெல்லாம்.”

“எப்போ போச்சு?”

“மில்லுல குட்ட கட்னாங்கோ பாரு, அதுக்கப்பால ஒருநா கூடு நனைஞ்சி மெதந்துச்சி. அத்தோட போனதுங்கதான்.”

வரதன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பொந்து. அதற்குக் கீழே சுவரில் நீளமாக வெள்ளைக் கோடு. புறா எச்சம் என்று யாரும் இரண்டாம் தடவை பார்க்கமாட்டார்கள்.

“ஹபீப், புறா போய் மாசக்கணக்காகுது.”

“பாவம் சார்.”

“எச்சம் மட்டும் ஈரமா இருக்கே.”

ஹபீபுல்லா கட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். பொந்தும் பறவையோ பாம்போ தோண்டியதாக இல்லை. நாலு பக்கமும் பலகைக்கல் வைத்த சரியான சதுரம். கிணறு வெட்டியவர்கள், தரைக்கடியில் ஓடிய ஏதோ ஒரு பழைய கல்வாய்க்காலைத் தெரியாமல் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். அதன் வெட்டுண்ட வாய்தான் புறாவின் வீடு. வாய்க்கால் அங்கிருந்து நேரே மேற்கே போனது. மேற்கில் குட்டை.

பளபளத்த வளையம். அடி குறுகிய கல். மண்டையில் துளை. காது குத்திய இரண்டு தூண்கள்.

வரதன் எழுந்தார். கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கு இன்னும் ஒரு தடவை கெடுக்க வேண்டியிருக்கும், அனுமதி வேண்டும் என்று கோவிந்தம்மாளிடம் கேட்டார்.

“வெள்ளையா கெட்டது செவப்பா கெட்டா இன்னா” என்றாள் அவள், அவர் எந்த நிறம் என்று சொல்லாமலே. அவள் பார்வை போன இடத்தை வரதன் பார்த்தார். காவி டப்பாவின் பொடி அவர் சட்டைக்கையில் ஒட்டியிருந்தது.

ஹபீபுல்லாவைக் கிணற்றடியில் நிறுத்தி, பொந்தில் சிவப்பு வந்தால் துண்டை வீசச் சொல்லிவிட்டு அவர் மட்டும் மில்லுக்கு வந்தார். சாமி இருந்த குழியை மூடிய இடம் எது என்று சின்னராசுவைக் காட்டச் சொன்னார். குட்டை நடுவில் இறங்கி அந்த இடத்து வண்டலை மண்வெட்டியால் வழித்தான் சின்னராசு. நீரின் மேல் சின்னதாக ஒரு சுழி விழுந்தது. வரதன் காவித்தூளை அதில் கொட்டினார். சிவப்பு, சுழியோடு சுற்றி உள்ளே இறங்கியது.

அப்புறம் காத்திருப்புதான். கரைமேல் நின்று மூன்று பேரும் வயலைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய வெளியில் ஹபீபுல்லாவும் கோவிந்தம்மாளும் இரண்டு புள்ளிகள். முத்துகிருஷ்ணனின் கை சட்டைப்பைப் புகாரைத் தடவிக்கொண்டே இருந்தது. சின்னராசு ஒரு பீடியைப் பிடித்து முடித்தான். தூரத்தில் ஒரு புள்ளி துண்டை எடுத்து வீசியது.

“நீங்க கேட்டது, கிணத்தை வெள்ளையாக்கறது யாருன்னு. நீங்கதான்” என்றார் வரதன்.

முத்துகிருஷ்ணன் வயலிலிருந்து அவர் பக்கம் திரும்பினார். வரதன் அவரைத் தகரக் கூரைக்கடியில் உட்காரவைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற பொறுமையோடு விளக்கினார். பழைய ஏரிகள் பலவற்றில் மதகு கரையில் இருக்காது; ஏரிக்குள்ளேயே இருக்கும். குமிழித்தூம்பு என்று பேர். தரையில் ஒரு கல்பெட்டி, அதன் மூடியில் வட்டத் துளை, துளைக்குள் பொருந்துகிற மாதிரி அடி குறுகிய ஒரு கல் அடைப்பான். அடைப்பானின் தலைத்துளையில் ஒரு கழி. அந்தக் கழி ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தூண், தூண்களுக்கு நடுவில் குறுக்குச் சட்டம். தண்ணீர் வேண்டுமென்றால் ஒருவன் நீந்திப்போய்க் கழியைத் தூக்குவான். நீர் பெட்டிக்குள் இறங்கி, கரைக்கடியில் ஓடும் கல்வாய்க்கால் வழியாக வயலுக்குப் போகும். நூறு நூறு வருஷமாகத் துளையில் உட்கார்ந்து உரசியதில் அடைப்பானின் நடுவில் வளையமாகப் பளபளப்பு.

“ஏரி தூர்ந்துபோச்சு. ஆனா அடைப்பான் வேலையை விடலை. நீங்கதான் சாமின்னு பிடுங்கி மேலே வெச்சீங்க.”

மற்றதெல்லாம் தானாக நடந்தது. குழியில் போட்ட ஜல்லியின் இடுக்கெல்லாம் கல்மாவு அடைத்துக்கொள்ளும். வாரம் முழுக்க ஓட்டை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை மண்வெட்டி அந்த மாவை வழித்து எடுத்துவிடும். அன்றிரவு மில் தண்ணீர் குட்டையில் ஏற ஏற, ஒரு பங்கு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகும். ஏறுகிற நேரத்திலேயே ஒழுகியதால் கம்பில் இறக்கம் தெரியவில்லை. விடிவதற்குள் மாவு மறுபடி ஓட்டையை அடைத்துவிடும். கிணற்றில் விழுந்தது இரண்டொரு நாளில் அடியில் தங்கிவிடும். புதன்கிழமை அதிகாரி பாட்டிலில் பிடிப்பது தெளிந்த நீர்.

“சொன்னதையெல்லாம் செஞ்சேனே” என்றார் முத்துகிருஷ்ணன், தனக்குத்தானே. புகாரை வெளியே எடுத்துப் பார்த்தார். கிழித்துக் குட்டையில் போடப் போனவர், அதுவும் கழிவுதானே என்று நினைவு வந்து பையிலேயே திணித்துக்கொண்டார். அப்புறம்தான் பயம் வந்தது. விஷயம் தெரிந்தால் மில்லை மூடிவிடுவார்களே.

அதற்குள் ஹபீபுல்லாவோடு கோவிந்தம்மாளும் கரையேறி வந்திருந்தாள். மில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். 

“மூடச் சொல்லி நான் எங்க எழுதனேன்?” என்றாள் அவள். “கெணத்த குடுங்கன்னுதான் எழுதனேன்.”

சின்னராசுவுக்கு வேறு கவலை. வாராவாரம் பூப்போட்ட கல். அதைத் தன் கையாலேயே சேற்றில் இறக்குவதா? யாருமில்லாத தண்ணீருக்கடியில் சாமியைத் தனியாக விட்டுவிட்டு வருவதா?

கோவிந்தம்மாள் சாமியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அது அங்க குந்திக்கினு தண்ணி காத்துச்சி. வேலைய புடுங்கிட்டு பூ போட்டா அதுக்கு மட்டும் நல்லாவா கீது? தனியா இருந்தா பழகிப்பூடும், போ.”

சின்னராசு சூலத்தை உருவினான். கடப்பாரை எடுத்துவர ஆள் ஓடியது. முத்துகிருஷ்ணன் வரதனைப் பார்த்து, என்ன செய்யவேண்டும், ஒழுங்காகச் சொல்லுங்கள் என்றார்.

வரதன் சொன்னார்: “மில்லை நிறுத்திக் குட்டையை வடிச்சு, குழியில இருக்கற ஜல்லியைத் தோண்டி எடுங்க. குறுகின பக்கம் கீழே வர்ற மாதிரி இந்தக் கல்லைத் துளைக்குள்ள இறக்கி, சுத்தி களிமண்ணை இடிச்சு கெட்டியாக்கிடுங்க. கிணத்தை ஒரு தடவை தூர்வாரிக் குடுங்க. அடுத்த சனிக்கிழமை காலையில அதிகாரியைக் கூட்டிட்டு வந்து பாட்டில்ல பிடிக்கச் சொல்லுங்க.”